மூன்று அங்குலப் பட்டிக்கு வினீர் வேண்டுமா?

திருச்சிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். வங்கிக் கடனில் 1,400 சதுர அடி வீடு. நிலைகள் எல்லாம் வேங்கையில் ஏற்றியாகிவிட்டது. பூச்சு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மிச்சம் இருப்பது உள்வேலை: நிலையும் சுவரும் சேரும் இடுக்கை மறைக்கும் பட்டி, ஜன்னல்களைச் சுற்றிப் பட்டி, திரைச்சீலைக்கு மேலே பெல்மெட், கூடத்தில் டிவிக்குப் பின்னால் ஒரு மரச் சுவர். மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வேலை செய்யும் பெரிய ஆசாரி, பட்டியைத் தேக்கில் போட மரத்துக்கு மட்டும் 38,000 ரூபாய் ஆகும் என்றார். இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்டிராக்டர் அதே பட்டிக்கு 22,000 சொன்னார். 16,000 மிச்சம் என்று அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ‘தேக்கு வேலைப்பாடு, பாலிஷ் உட்பட’ என்று ஒரு வரிதான் இருக்கிறது. மொத்த வேலைக்கும் சேர்த்து முன்பணம் ஒரு லட்சம்.

படுக்கையறையில் பட்டி அடித்த பிறகு, ஸ்விட்ச் பெட்டிக்காக எலெக்ட்ரீஷியன் ஒரு மூலையை வெட்டியிருக்கிறார். வெட்டிய இடத்தில் பழுப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாக அடுக்குகள். மாமனார் பார்த்துவிட்டு, “அட்டையை ஒட்டிக் கொடுத்திருக்கான்” என்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். காண்டிராக்டரோ, “மேலே இருப்பது அசல் தேக்குதான். 22,000-க்கு முழுத் தேக்கு எப்படி வரும்? வினீர் என்று உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்” என்கிறார். வினீர் என்பதே ஏமாற்று வேலையா, எத்தனை வருடம் தாங்கும், போட்டதைக் கழற்றச் சொல்லலாமா, வீட்டில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது. இவைதான் வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில், “ஏமாந்துவிட்டோம் என்பதைவிட, எதை வாங்கினோம் என்றே தெரியாமல் வாங்கினோமே என்பதுதான் வலிக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். வீடு கட்டுகிறவர்களோடு 20 வருடத்துக்கு மேலாகப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், மர வேலையில் இந்த வலி இல்லாமல் வீடு கட்டியவர்கள் ரொம்பக் குறைவு. சிமென்ட் மூட்டையில் பெயரும் தரமும் அச்சடித்திருக்கும். மரம் அப்படி வருவதில்லை. பாலிஷ் போட்ட பிறகு பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதனால் முதலில் உங்களுக்கு வந்திருப்பது என்ன பொருள் என்று பார்ப்போம். யார் மேல் தப்பு என்பதை அப்புறம் பேசலாம்.

வினீர் போலி இல்லை

வினீர் என்பது நிஜ மரத்திலிருந்து சீவி எடுத்த தோல். தேக்கு வினீர் என்றால் நிஜத் தேக்குதான். அதன் வரி, நிறம் எல்லாம் அந்த மரத்துடையவை. ஆனால் தடிமன் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கொஞ்சம் உசத்தியான கல்யாணப் பத்திரிகையின் அட்டை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பெரும்பாலும் இதை 4 மி.மீ. பிளைவுட் மேல் ஒட்டி, எட்டடிக்கு நாலடித் தகடாக விற்கிறார்கள். அதை 12 அல்லது 19 மி.மீ. பிளைவுட் மேல் மறுபடி ஒட்டிப் பட்டியாகவோ பலகையாகவோ ஆக்குகிறார்கள்.

சாதா மரத்தின் மேல் நல்ல மரத்தைத் தோலாகப் போர்த்துவது நேற்று வந்த தந்திரம் இல்லை. எகிப்தில் துட்டன்காமன் என்ற மன்னரின் கல்லறையில் கிடைத்த மரச் சாமான்களில் கருங்காலியும் தந்தமும் இப்படி ஒட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு 3,300 வருடம் ஆகிறது. விலை உயர்ந்த மரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க மனிதன் கண்டுபிடித்த மரியாதையான வழி இது.

அடுக்குகளைப் பார்த்து உங்கள் மாமனார் பயந்திருக்கிறார். அந்த அடுக்குதான் பிளைவுட்டின் பலம். ஒரு அடுக்கில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்ததில் குறுக்காக ஓடும். மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் விரியும், வெயில் காலத்தில் சுருங்கும். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கைப் பிடித்து நிறுத்துவதால் அந்த அசைவு மிகக் குறைவு. இரண்டடி அகலத்துக்கு ஒரே முழு மரப் பலகை போட்டால் அது வளையும், வெடிக்கும். நல்ல பிளைவுட் அப்படியே நிற்கும்.

அதற்காக மாமனார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் தலைமுறை பார்த்த மட்டமான பிளைவுட் ஒரு மழைக்கே பிரிந்து விசிறி மாதிரி விரிந்திருக்கும். இன்றும் அப்படிப்பட்டது கிடைக்கிறது. உங்கள் காண்டிராக்டரிடம் எந்தத் தரம் என்று கேளுங்கள். சாதாரண உள்வேலைக்கான பிளைவுட்டின் தர எண் ஐ.எஸ். 303, கொதிநீர் தாங்கும் மரைன் வகைக்கு ஐ.எஸ். 710, வினீர் ஒட்டிய அலங்காரத் தகடுக்கு ஐ.எஸ். 1328. தகட்டின் மேல் ‘710’ என்று மையில் குத்தியிருப்பது மட்டும் போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பட்டியாக அறுத்த பிறகு முத்திரை இருக்காது. தகடு முழுசாக வந்து இறங்கும்போதே பார்க்க வேண்டும்.

16,000 எங்கிருந்து மிச்சமானது?

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 360 ரன்னிங் அடி பட்டி வருகிறது. மூன்று அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன்.

முழுத் தேக்கு என்றால், இழைத்த பிறகு முக்கால் அங்குலம் நிற்க ஒரு அங்குலத்துக்கு அறுக்க வேண்டும். அகலத்திலும் கால் அங்குலம் கூடுதல். அப்படிப் பார்த்தால் எட்டு கன அடிக்குக் கொஞ்சம் மேலே. வெட்டுக் கழிவோடு ஒன்பது கன அடி. ஆசாரி சொன்ன கன அடி 4,200 ரூபாய் விலைக்கு 37,800. அவர் கணக்கு நேர்மையானது.

இப்போது வினீரில் அதையே ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும்? நாலடி அகலத் தகட்டில், ரம்பத்தின் வாய்க்குப் போனது போக, மூன்று அங்குலப் பட்டி 15 வரும். ஒவ்வொன்றும் எட்டடி, ஆக 120 அடி. ஏழடிக் கதவுக்கு வெட்டினால் ஒரு அடி வீண். நான்கு தகடு வேண்டும். 19 மி.மீ. பிளைவுட் சதுர அடி 105, தேக்கு வினீர் தகடு 110 என்ற உங்கள் பட்டியல் விலைப்படி, 128 சதுர அடிக்கு 27,520 ரூபாய். அதோடு முடியவில்லை. பிளைவுட்டை வெட்டினால் இரண்டு ஓரத்திலும் அடுக்குகள் தெரியும். அதை மறைக்க முழுத் தேக்கில் மெல்லிய ஓரப் பட்டி ஒட்ட வேண்டும், லிப்பிங் என்பார்கள். 360 அடிக்கு இரண்டு ஓரம், 720 அடி. அறுப்பில் போவதையும் சேர்த்தால் அதற்கே இரண்டு கன அடித் தேக்கு, 8,400 ரூபாய். ஆகமொத்தம் 35,900.

வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் கீழே. அதையும் 720 அடி ஓரத்தைப் பசை போட்டு ஒட்டி, இறுக்கி, இழைத்துச் சமப்படுத்தும் கூலி சாப்பிட்டுவிடும்.

அப்படியானால் காண்டிராக்டர் 22,000 எப்படிச் சொன்னார்? 19 மி.மீ. இடத்தில் 12 மி.மீ. போட்டிருக்கிறார், ஓரத்துக்கு லிப்பிங் போடவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டியின் வெளி ஓரத்தில் அடுக்கின் மேல் கலர் கலந்த மக்கு (இடுக்கு அடைக்கும் மாவு) இழுத்து, அதன் மேல் பாலிஷ் அடித்திருக்கிறது. நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், மாவு மாதிரி உதிரும். அந்த 16,000 வினீரால் மிச்சமானது என்று நினைத்தீர்கள். ஓரத்தை அப்படியே விட்டதால் மிச்சமானது அது.

இந்த ஒரு விஷயம்தான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. வினீரின் லாபம் அகலத்தில் இருக்கிறது. ஒல்லியான பட்டியில் முகத்தைவிட ஓரமே பெரிய வேலை. அங்கே முழு மரம்தான் சிக்கனம். உங்கள் டிவிச் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்கு எட்டடி, 80 சதுர அடி. அதை முழுத் தேக்கில் போட்டால் கழிவோடு ஒன்பது கன அடி, அதாவது வீடு முழுவதற்கும் போடும் பட்டிக்கு ஆகிற அதே 37,800. இவ்வளவு கொடுத்தும் பலகைகள் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்து இடுக்கு விடும். வினீரில் மூன்று தகடு, 20,640 ரூபாய். ஓரமும் 36 அடிதான். அங்கே தேக்கு கேட்பவர்களை நானே தடுப்பேன்.

அலமாரிக் கதவுகள், பெல்மெட்டின் முகம், கட்டில் தலைமாட்டுப் பலகை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒன்பது அங்குலச் சுவரின் உள்பக்கம் மூடும் ஜன்னல் பெட்டி நடுவில் நிற்கிற விஷயம். பக்கவாட்டிலும் மேலேயும் வினீர் போடலாம். கீழ்ப்பலகை மட்டும் கிரானைட்டோ முழு மரமோ இருக்கட்டும், சாரல் அங்கேதான் விழும்.

எத்தனை வருடம் தாங்கும்?

இதற்கு ஒரே எண்ணாகப் பதில் கேட்டிருக்கிறீர்கள். இடத்தைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். காய்ந்த சுவரில், கை படாத உயரத்தில், ஓரம் ஒழுங்காக மூடிய வினீர் உங்கள் கடன் அடைந்த பிறகும் இருக்கும். அதே வினீர் குளியலறை வாசலில் இரண்டு மழைக்காலம் தாங்குவதே சிரமம்.

இதை நான் பார்த்தே தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் மதுரையில் ஒரு வீட்டுக்குக் குளியலறைக் கதவைச் சுற்றி வினீர் பட்டி போடச் சொன்னேன். மரைன் பிளைவுட்தானே என்ற தைரியம். அந்த வீட்டு அம்மா தினமும் காலையில் ஈரத் துணியால் தரையை அழுத்தித் துடைப்பார். ஒன்றரை வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள். பட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரம் உப்பி, வினீர் நீர்க்கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அதற்கு மேலே கறுப்பாக ஒரு கறை மலை மாதிரி ஏறியிருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “நான் துடைச்சதால ஆயிடுச்சா தம்பி?” என்று கேட்டார். தரையைத் துடைக்காமல் ஒரு வீடு இருக்குமா? துடைப்பார்கள் என்று தெரிந்து மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியது நான். அந்தப் பட்டியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

கொதிநீர் தாங்கும் என்பது பசைக்குக் கொடுத்த சான்றிதழ். மரைன் வகையை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிப்பது, அடுக்குகள் பிரிகிறதா என்று பார்க்கத்தான். பசை பிரியாவிட்டாலும் மரம் தண்ணீரைக் குடிக்கும், உப்பும், கறுக்கும். வெட்டிய ஓரம் வழியாக அது ரொம்ப வேகமாக நடக்கும். அதனால்தான் ஓரம், ஓரம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், அடி. முழு மரத்தில் பீரோ இடித்தால் பள்ளம் விழும். இழைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் சரியாகிவிடும். பத்து வருடம் கழித்து மறு பாலிஷுக்கும் தாராளமாகத் தேய்க்கலாம். வினீரில் அரை மில்லிமீட்டர்தான் இருக்கிறது. மெஷின் வைத்து உப்புத்தாள் போடுகிற பையன் ஒரு நிமிடம் கவனம் தப்பினால் தேக்கு போய் அடியில் இருக்கும் வெள்ளை மரம் தெரியும். அதைத் திருத்த வழி கிடையாது, மேலே கலர் அடித்து மறைக்கத்தான் முடியும். உங்கள் டிவிச் சுவருக்கு உப்புத்தாள் கையால், நாரின் போக்கிலேயே போகட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காற்றுக் கொப்புளம் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். பசை சரியாகப் பரவாமலோ, ரப்பர் பசையில் அவசரமாக ஒட்டினாலோ வரும். வெள்ளைப் பசை போட்டு இரவு முழுக்கப் பாரம் வைத்து ஒட்டுவதுதான் நல்ல வேலை. பலகையின் ஒரு பக்கம் மட்டும் வினீர் ஒட்டி மறுபக்கத்தை வெறுமனே விட்டால் நாளடைவில் வில் மாதிரி வளையும். அலமாரிக் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒட்டச் சொல்லுங்கள். சுவரோடு முடுக்கிவிடும் டிவிச் சுவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

முழுத் தேக்கு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள்

தேக்கு என்ற பெயருக்கே தாங்கும் சக்தி உண்டு என்று உங்கள் கடிதம் நம்புகிறது. சக்தி இருப்பது வைரத்தில், அதாவது மரத்தின் நடுவில் இறுகிக் கறுத்த பகுதியில். வைரம் பாயாத இளம் மரத்தில், சுற்றுப்புறமாக வெளுத்து இருக்கும் பகுதியை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள். அந்த வெள்ளையைக் கறையானும் அரிக்கும், வண்டும் உளுக்க வைக்கும். பாலிஷில் கலர் கலந்து விட்டால் வெள்ளையும் வைரமும் ஒன்றாகத் தெரியும். நல்ல வினீர், வெள்ளை ஓடிய தேக்குப் பட்டியைவிட மேல். பாலிஷுக்கு முன்னால் ஒவ்வொரு பட்டியையும் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் வெளுப்பு ஓடியிருந்தால் ஒதுக்கி வையுங்கள். பெரிய ஆசாரி கூட இருந்தால் இந்த வேலையை அவரிடம் விட்டுவிடலாம். அவர் கண் தப்பாது.

ஈரமும் அப்படித்தான். பச்சையாக அறுத்த மரத்தைப் பட்டியாக அடித்தால் மூன்றே மாதத்தில் மூலைப் பொருத்து வாயைத் திறக்கும். பழைய வீடு இடித்த தேக்கு கிடைத்தால் அதைவிடப் பாக்கியம் இல்லை. செட்டிநாட்டுப் பக்கம் இடிக்கும் வீடுகளில் பர்மாத் தேக்கு உத்திரமும் தூணும் இன்றும் வெளியே வருகின்றன. 100 வருடம் காய்ந்த மரம் இனி எங்கே சுருங்கப் போகிறது? ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அறுக்க வேண்டும், மில்லில் அதற்குத் தனிக் கூலி கேட்பார்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று அங்குலப் பட்டிதான் என்பதால் ஒரு துண்டு உத்திரத்தில்கூட நிறைய எடுக்கலாம்.

நீங்கள் இருவருமே யோசிக்காத ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் நிலைகள் வேங்கை. வேங்கை நிலையைச் சுற்றித் தேக்குப் பட்டி போட்டால் இரண்டும் இரண்டு நிறமாக நிற்கும். நிறத்தை ஒப்பேற்றப் பாலிஷில் கலர் ஏற்ற வேண்டும், அதில் தேக்கின் அழகும் போகும், வேங்கையின் அழகும் போகும். பட்டியையும் வேங்கையிலேயே போட்டால் என்ன? உறுதியில் தேக்குக்குக் குறைந்தது இல்லை. நிலை அறுத்த கடையிலேயே விலை கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வேங்கை நனைந்தால் சாயம் விடும். அந்த மரத்துக் குவளையில் தண்ணீர் வைத்தால் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சாயம் வெள்ளைச் சுவரிலும் இறங்கும். பட்டியின் பின்பக்கத்துக்கும் சீலர் என்ற ஈரம் தடுக்கும் பூச்சை ஒரு கை அடித்த பிறகே சுவரில் ஏற்ற வேண்டும்.

காண்டிராக்டரிடம் என்ன கேட்கலாம்?

இதில் உங்கள் மாமனாரின் கோபத்துக்கும் காண்டிராக்டரின் பேச்சுக்கும் நடுவில் உண்மை இருக்கிறது. ‘தேக்கு வேலைப்பாடு’ என்ற வார்த்தையைப் படிக்கிற சாதாரண ஆள் முழுத் தேக்கு என்றுதான் புரிந்துகொள்வார். வினீர் என்றால் வினீர் என்று எழுத வேண்டியது தொழில் தெரிந்தவருடைய கடமை. அதே சமயம், கழற்றச் சொல்லிச் சண்டைக்குப் போனால் அவர் சந்தை விலையைக் காட்டி, 22,000-க்கு இதுதான் வரும் என்று வாதாடுவார். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வரி. அதனால் வினீர் போட்டார் என்பதைவிட, ஓரத்தை மூடாமல் மக்கு இழுத்தார் என்பதைப் பிடியுங்கள். எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் அது குறைபாடான வேலை.

வெட்டி எடுத்த அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள். தேதியோடு படம் எடுங்கள். பிறகு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ, மரியாதையாக, மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள்: போட்ட பிளைவுட்டின் தரமும் தடிமனும் என்ன, ஓரத்துக்கு லிப்பிங் எப்போது போடுவார், மீதி வேலையில் எந்த இடத்துக்கு என்ன மரம். பதில் வரும்வரை அடுத்த தவணை வேண்டாம். பதில் வந்ததும் அறைவாரியாகப் புதிதாக ஒரு காகிதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ‘முழுத் தேக்கு’, ‘19 மி.மீ. பிளைவுட் மேல் இயற்கைத் தேக்கு வினீர், ஓரங்களில் முழுத் தேக்கு லிப்பிங்’ என்று உடைத்து எழுதுங்கள். ‘இயற்கை’ என்ற சொல் அவசியம். சாயமேற்றிய சாதா மரத்தை ஒட்டிச் சீவி, தேக்கு வரி மாதிரி செய்த வினீரும் சந்தையில் இருக்கிறது. அதில் வெயில் படும் இடம் சீக்கிரம் வெளுக்கக்கூடும்.

பேசித் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஆனால் வீடு பாதியில் நிற்கும்போது வழக்கு உங்களுக்குத்தான் பாரம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் யோசனை, வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். டிவிச் சுவர், பெல்மெட், அலமாரிக் கதவுகள் காண்டிராக்டரிடமே இருக்கட்டும், முன்பணம் அதில் கழியட்டும். மீதிப் பட்டியை முழு மரத்தில் பெரிய ஆசாரி செய்யட்டும். குளியலறை வாசல்களுக்கு மட்டும் மரமே வேண்டாம், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த டபிள்யூ.பி.சி. பட்டி போதும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

பூச்சு முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வெள்ளையாகத் தெரிவதால் சுவர் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஓரடிச் சதுரத்துக்கு ஒரு கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் காலையில் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். வடக்குப் பார்த்த சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஈரச் சுவரில் ஏற்றினால் தேக்கும் ஒன்றுதான், வினீரும் ஒன்றுதான்.

டிவிச் சுவருக்கான தகடுகளை வாங்க நீங்களும் கூடப் போங்கள். மூன்று தகடும் ஒரே கட்டு வினீரிலிருந்து, அடுத்தடுத்த எண்ணாக இருக்க வேண்டும். அப்போதுதான் வரி ஒன்றோடொன்று சேரும். ஒரு தகடு குறைந்துவிட்டது என்று ஒரு மாதம் கழித்துப் போனால் அந்த நிறம் கிடைக்காது. பாலிஷுக்கு முன்னால் வினீர்த் துண்டு ஒன்றையும் லிப்பிங் துண்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முழு மரம் பாலிஷைக் கூடுதலாகக் குடித்துக் கொஞ்சம் கறுக்கலாம். சுவரில் ஏறிய பிறகு அதைச் சரி செய்வது கஷ்டம்.

படுக்கையறையில் ஏற்கெனவே போட்ட பட்டியைக் கழற்ற வேண்டுமா என்பது மாமனாருடைய கேள்வி. கழற்ற வேண்டாம். தண்ணீர் புழங்காத அறை அது, குளியலறைச் சுவரும் பக்கத்தில் இல்லை. மக்கைச் சுரண்டிவிட்டு ஓரத்துக்கு லிப்பிங் போடுவதைக் காண்டிராக்டர் தன் செலவில் செய்யட்டும். அடியில் மட்டும் எட்டு அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேங்கையில் ஒரு அடிக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். பட்டியைவிடக் கால் அங்குலம் தடிமனாக, தரையிலிருந்து ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) தூக்கி, அடிப்பக்கத்துக்கும் சீலர் அடித்து வைக்க வேண்டும். ஈரத்துணி படுவது அந்த உயரம் வரைதான். பெரிய ஆசாரிக்கு அரை நாள் வேலை.